சிக்கிள் செல் நோய்: வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியவை, வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாதவை

சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்துபோகும் பரம்பரை ரத்த நோயான சிக்கிள் செல் நோய் உள்ளவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வது பற்றி ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன, அதில் எதை வீட்டில் நடைமுறைக்குக் கொண்டுவரலாம் என்பது கேள்வி. 'நிறைய தண்ணீர் குடியுங்கள், குளிரில் போகாதீர்கள், மாத்திரையை விடாதீர்கள்' என்று பெரும்பாலான ஆலோசனைகள் மூன்று வரியில் முடிந்துவிடுகின்றன. மூன்றும் சரிதான். ஆனால் எவ்வளவு, எப்போது, எதுவரைக்கும் என்று சொல்லாத அறிவுரை நடுராத்திரியில் வலி வந்தவருக்கு உதவாது. அதனால் அளவோடு எழுதுகிறேன்.

முதலில் இந்த நோயின் வலி எங்கே நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மருத்துவர் வாலி ஸ்மித் தலைமையில் ஒரு குழு 16 வயதுக்கு மேற்பட்ட 232 நோயாளிகளிடம் தினமும் வலிக் குறிப்பு எழுதச் சொன்னது. ஒவ்வொருவரும் ஆறு மாதம் வரை எழுதினார்கள். மொத்தம் 31,017 நாட்களின் குறிப்பு சேர்ந்தது. முடிவு 2008இல் வெளிவந்தது. பாதிக்கு மேற்பட்ட நாட்களில், சரியாகச் சொன்னால் 54.5 சதவீத நாட்களில், வலி இருந்தது. ஆஸ்பத்திரியையோ டாக்டரையோ திடீரென நாடியது வெறும் 3.5 சதவீத நாட்களில். 'இது கடும் வலித் தாக்குதல்' என்று அவர்களே குறித்தும் வீட்டிலேயே கிடந்த நாட்கள் 12.7 சதவீதம். 10இல் 3 பேருக்கு ஏறக்குறைய தினமும் வலி.

ஆக, ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் தெரிவது நோயின் சின்ன நுனிதான். மீதி எல்லாம் பாயிலும் வகுப்பறையிலும் வேலைத் தளத்திலும் நடக்கிறது. சுய பராமரிப்பு என்பது ஆஸ்பத்திரி சரியில்லாததால் செய்துகொள்ளும் மாற்று ஏற்பாடு அல்ல. இந்த நோயின் பெரும்பகுதி சிகிச்சையே அதுதான். அதே சமயம், வீட்டில் தாங்கிக்கொண்டு கிடப்பது சுய பராமரிப்பு ஆகிவிடாது. எந்தக் கோட்டைத் தாண்டினால் வீட்டில் இருக்கக் கூடாது என்று அறிந்திருப்பதுதான் இதில் மிக முக்கியமான திறமை. அந்தக் கோடுகளை மட்டும் கற்றுக்கொண்டாலே உயிர்கள் தப்பும் என்பதற்கு ஜமைக்காவிலிருந்து ஓர் ஆதாரம் உண்டு. அதற்கு முன் நோயின் இயக்கம் சுருக்கமாக.

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பிராணவாயுவை விட்டதும் அந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று கோத்துக் கம்பிகளாகி, சிவப்பணுவை அரிவாள் வடிவத்துக்கு வளைக்கிறது. வளைந்த அணு சிறு ரத்தக் குழாயில் சிக்கிக்கொள்கிறது. வலி அங்கிருந்துதான் பிறக்கிறது. 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு 10 முதல் 20 நாளில் உடைந்துபோவதால் சோகை நிரந்தரம். அணுவுக்குள் நீர் குறைந்தாலும், உடல் குளிர்ந்தாலும், பிராணவாயு குறைந்தாலும், கிருமித் தொற்று வந்தாலும் வளைவது வேகமாகிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு செயலும் இந்த நான்கில் ஒன்றைத் தடுப்பதற்காகத்தான். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தவர் கடத்தி. அவருக்குக் கீழே சொல்லும் கவனிப்பு எதுவும் தேவையில்லை. முகாமில் செய்யும் எளிய கரைதிறன் சோதனை இருவரையும் பிரித்துக் காட்டாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி அல்லது எலக்ட்ரோபோரிசிஸ் பரிசோதனையின் அறிக்கை கையில் இல்லாமல் யாரையும் நோயாளி என்றோ கடத்தி என்றோ முடிவுகட்டக் கூடாது.

இனி ஜமைக்கா. கிங்ஸ்டனில் கிரஹாம் சார்ஜன்ட் குழுவினர் 1973 முதல் 1981 வரை ஒரு லட்சம் பச்சிளங் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து, நோய் உள்ளவர்களைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். சின்ன வயது மரணங்களுக்கு ஒரு பெரிய காரணம் மண்ணீரல் திடீரென வீங்குவது என்று தெரிந்தது. உடலின் ரத்தம் சில மணி நேரத்தில் மண்ணீரலுக்குள் தேங்கிவிடும். குழந்தை வெளிறித் துவண்டுபோகும். ரத்தம் ஏற்றாவிட்டால் இறந்துவிடும். குழு செய்தது ஒன்றே ஒன்று: தாய்மார்களுக்கு மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. அதன் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட நிகழ்வுகள் 100 நோயாளி-ஆண்டுகளுக்கு (அதாவது 100 குழந்தைகளை ஒரு வருடம் கவனித்தால்) 4.6இலிருந்து 11.3 ஆக உயர்ந்தன. 100 நிகழ்வுகளுக்கு 29.4 ஆக இருந்த மரணம் 3.1 ஆகச் சரிந்தது. புது மருந்து இல்லை, கருவி இல்லை. பெற்றோரின் விரல் நுனி மட்டும். இந்த நோயின் சுய பராமரிப்பு ஆராய்ச்சியில் இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அதைச் செய்யும் முறை இது. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, வயிறு தளர முழங்காலை மடக்கிவிடுங்கள். அழும் குழந்தையின் வயிறு இறுகியிருக்கும். பால் குடித்துத் தூங்கும்போது பார்ப்பது எளிது. விரல்களைச் சேர்த்துத் தட்டையாக வைத்து, தொப்புளுக்கு வலப்பக்கம் கீழிருந்து தொடங்கி இடது விலா எலும்பின் கீழ்விளிம்பு நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகருங்கள். ஒவ்வொரு இடத்திலும் குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும்வரை விரலை வைத்திருங்கள். மண்ணீரல் பெரிதாக இருந்தால் மூச்சிழுக்கையில் அதன் முனை இறங்கி வந்து விரலில் தட்டும். விலா ஓரத்திலேயே தேடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மண்ணீரல் நன்றாக வீங்கித் தொப்புள்வரை வந்திருந்தால் விரல் அதன் மேலேயே இருக்கும், விளிம்பு தட்டுப்படாது. 'ஒன்றும் இல்லை' என்று நினைத்துவிடுவார்கள். அதனால்தான் கீழிருந்து மேலே.

முனை தட்டுப்பட்டால் ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை விலா விளிம்பில் வைத்து, முனை வரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதுதான் அந்தக் குழந்தையின் வழக்கமான அளவு. குழந்தை நன்றாக இருக்கும்போது தினம் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் வழக்கம் எது என்று தெரியும். காய்ச்சலோ சளியோ இருந்தால் நாளுக்கு மூன்று, நான்கு முறை பாருங்கள். கோட்டைத் தாண்டி 2 செ.மீ. வளர்ந்திருந்தாலோ, உள்ளங்கையும் உதடும் வெளிறியிருந்தாலோ, குழந்தை சோர்ந்து மூச்சு வேகமாக வாங்கினாலோ உடனே ரத்தம் ஏற்ற வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பக்கத்துக் கிளினிக்கில் டிரிப்ஸ் போட்டுக்கொண்டு காத்திருக்க இதில் நேரம் கிடையாது. பொதுவாக இது 6 மாதம் முதல் 5 வயதுக்குள் வரும் என்பார்கள். ஆனால் இந்தியாவில் பரவலாக உள்ள மரபணு வகையில் மண்ணீரல் சுருங்காமல் அதிக வருடங்கள் நீடிக்கிறது. 5 வயது முடிந்ததும் தொட்டுப் பார்ப்பதை நிறுத்திவிட வேண்டாம்.

மண்ணீரல் வீங்காவிட்டாலும் அதன் வேலைத்திறன் குழந்தைப் பருவத்திலேயே போய்விடுகிறது. ரத்தத்தில் நுழையும் கிருமியை, முக்கியமாக நிமோகாக்கஸை, வடிகட்ட உள்ளே யாரும் இல்லை. சாதாரணக் குழந்தைக்கு இரண்டு நாள் பார்க்கலாம் என்று சொல்லும் காய்ச்சல் இங்கே அவசரநிலை ஆவது இதனால்தான். வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். 38.5 டிகிரி செல்சியஸ், அதாவது 101.3 ஃபாரன்ஹீட் வந்துவிட்டால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான். ரத்தப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, முடிவுக்குக் காத்திராமல் ஆண்டிபயாடிக் ஊசி தொடங்க வேண்டும். பாராசிட்டமால் கொடுத்து, காய்ச்சல் இறங்கியதும் நிம்மதியாவதுதான் பெரிய ஆபத்து. மருந்து சூட்டைக் குறைக்கிறது, கிருமியை அல்ல. வலிக்காக பாராசிட்டமால் கொடுக்கும்போதும் ஒவ்வொரு வேளைக்கும் முன்பு சூடு பார்த்து எழுதிவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் காய்ச்சல் இருந்ததே தெரியாமல் போய்விடும்.

இதைத் தடுக்கும் மருந்து மிக எளியது: வாய்வழி பெனிசிலின். 3 வயதுவரை 125 மி.கி. நாளுக்கு இருவேளை, அதன்பின் 5 வயதுவரை 250 மி.கி. இருவேளை. 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இது நிமோகாக்கஸ் தொற்றை 84 சதவீதம் குறைத்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே எட்டு மாதம் முன்னதாக நிறுத்திவிட்டார்கள். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று இரண்டாவது மாதமே நின்றுபோகும் மருந்தும் இதுதான். நன்றாக இருக்கும் குழந்தைக்குத்தான் இது. நிமோகாக்கல், ஹிப், மெனிங்கோகாக்கல், ஹெபடைடிஸ் பி, டைபாய்டு, வருடாந்திர ஃபுளூ தடுப்பூசிகளும் அட்டவணைப்படி வேண்டும். இவற்றில் சில அரசு அட்டவணைக்கு வெளியே இருப்பதால் குழந்தை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

தண்ணீர். குழந்தைக்கு முதல் 10 கிலோ எடைக்குக் கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த 10 கிலோவுக்கு 50 மி.லி., அதற்கு மேல் 20 மி.லி. என்பது அடிப்படைக் கணக்கு. 20 கிலோ பிள்ளைக்கு ஒன்றரை லிட்டர், 30 கிலோவுக்கு 1.7 லிட்டர். வெயில், காய்ச்சல், விளையாட்டு என்றால் அதற்கு மேல். பெரியவருக்கு ஏறக்குறைய 3 லிட்டர். சிறுநீரகமோ இதயமோ பாதிக்கப்பட்டிருந்தால் இந்த அளவு மாறும், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கஞ்சி, மோர், ரசம் எல்லாம் கணக்கில் சேரும். சாராயம் நீரை வெளியேற்றும், அது வேண்டவே வேண்டாம்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: சிறுநீர் வெள்ளையாகப் போனால் தண்ணீர் போதும் என்ற விதி இந்த நோய்க்குப் பொருந்தாது. சிறுநீரகத்தின் உட்பகுதி சின்ன வயதிலேயே பாதிக்கப்பட்டு, சிறுநீரைச் சுண்டவைக்கும் திறனை இழக்கிறது. உடல் காய்ந்திருக்கும்போதும் சிறுநீர் வெளுப்பாகவே போகும். நிறத்தை நம்பாமல் பாட்டிலை எண்ணுங்கள். பிள்ளைகள் 10 வயதுக்கு மேலும் படுக்கையை நனைப்பதும் இதனால்தான். அதற்காகச் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரை நிறுத்திவிடும் வீடுகளில் விடிகாலை வலி வருவது ஆச்சரியமல்ல. ராத்திரி ஒருமுறை எழுப்பி விடுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளை தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் கழிப்பறை. அழுக்காக இருக்கும், அல்லது எழுந்துபோக அனுமதி கேட்கக் கூச்சம். 'கேட்காமலே வெளியே போக அனுமதி, பெஞ்சில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ள அனுமதி, மழையிலும் குளிரிலும் விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு' என்று மூன்றே வரியில் டாக்டர் கடிதம் ஒன்று தலைமையாசிரியரிடம் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

குளிரில் சூட்டின் அளவைவிடத் திடீர் மாற்றம்தான் அதிகம் கெடுக்கிறது. வெயிலில் வேர்த்துவிட்டு ஏசி பஸ்ஸில் ஏறுவது, நனைந்த துணியோடு நிற்பது, வாய்க்காலில் குளிப்பது எல்லாம் அந்த வகை. நீலகிரியில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் இந்த மரபணு இருப்பதை ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான் முதன்முதலில் பதிவு செய்தார்கள். இன்றும் இருளர், பணியர், குறும்பர் குடும்பங்களில் நோயாளிகள் இருக்கிறார்கள். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் கோத்தகிரியின் நாவா என்ற ஆதிவாசி நல அமைப்பும் நெடுங்காலமாக அவர்களோடு வேலை செய்கின்றன. கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறினால் உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல் கூடுகிறது. குளிரும் பிராணவாயுக் குறைவும் ஒன்றாகத் தாக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்கு மேலே அனுப்பப்படும் நோயாளிக்குப் பயணத்துக்கு முன்பே வலிமருந்தும், கம்பளியும், வழியில் குடிக்கத் தண்ணீரும் வேண்டும். மழைக்காலத்தில் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போகிறவருக்கு ரப்பர் பூட்ஸும் மாற்று உடையும் மருந்துக்குச் சமம்.

இப்போது வலி. லேசான வலி தொடங்கிய அரை மணிக்குள் செயல்பட வேண்டும். இரண்டு டம்ளர் தண்ணீர், போர்வை, வலிக்கும் இடத்தில் வெந்நீர்ப் பை, முதல் வேளை மாத்திரை. வெந்நீர்ப் பையைத் துணி சுற்றி வைக்கவும், தூங்கும்போது எடுத்துவிடவும். சுளுக்குக்கு வைப்பதுபோல ஐஸ் வைக்கவே கூடாது; குளிர்ந்த இடத்தில் ரத்தக்குழாய் சுருங்கி வலி கூடும்.

பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., 6 மணிக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் இல்லை. 20 கிலோ பிள்ளைக்கு 300 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ளதும் 250 மி.கி. உள்ளதும் ஒரே மாதிரி பாட்டிலில் வருகின்றன. முன்னதில் 12 மி.லி., பின்னதில் 6 மி.லி. லேபிளைப் படிக்காமல் 'ஒரு மூடி' என்று கொடுத்தால் ஒன்று பாதி வேலை செய்யும், இல்லையேல் இரட்டிப்பாகும். பெரியவர்களிடம் நடக்கும் தவறு வேறு: இப்யூபுரோஃபென் மாத்திரை என்று நினைத்து வாங்குவது பெரும்பாலும் 325 மி.கி. பாராசிட்டமால் கலந்த கூட்டு மாத்திரை. அதோடு 650 மாத்திரையும் போட்டால் கணக்கு தவறிவிடும். இந்த நோயாளிகளில் பலர் 40, 45 கிலோதான் இருப்பார்கள். ஒரு நாளுக்குக் கிலோவுக்கு 60 மி.கி. என்று உச்சம் வைத்துக்கொள்வது பாதுகாப்பு; 45 கிலோவுக்கு 2,700 மி.கி.

அது கேட்காவிட்டால் இப்யூபுரோஃபென், கிலோவுக்கு 10 மி.கி. வரை, 8 மணிக்கு ஒருமுறை, சாப்பிட்ட பின். பெரியவருக்கு 400 மி.கி. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், வாந்திபேதியால் உடல் காய்ந்த நிலை, கர்ப்பம் இருந்தால் கூடாது. டெங்கு காலத்தில் காய்ச்சலோடு வலி என்றால் தொடவே கூடாது. தொடர்ந்து வாரக்கணக்கில் போட்டுக்கொண்டால் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகம் கெட்டுப்போகும். இதற்கு அடுத்த படியான டிரமடால், மார்ஃபின் போன்றவை டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும். எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தாளில் உள்ள அளவும் இடைவெளியும்தான் விதி. தூக்கக் கலக்கம் அதிகமானால் அடுத்த வேளையைத் தள்ளிப் போட வேண்டும்.

மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து வலிக்கு எண் கொடுங்கள், 0 முதல் 10 வரை. இரண்டு படி மருந்தும் முறைப்படி போட்டும் 7க்குக் கீழே வரவில்லை, அல்லது தண்ணீர் குடித்தால் வாந்தி, அல்லது நடக்க முடியவில்லை என்றால் கிளம்ப வேண்டியதுதான். வலி எந்த அளவில் இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டிய நிலைகள் இவை: மேலே சொன்ன காய்ச்சல், நெஞ்சுவலி அல்லது மூச்சுத்திணறல், ஆக்சிமீட்டரில் 95க்குக் கீழே அல்லது வழக்கத்தைவிட 3 புள்ளி குறைவு, முகம் கோணுதல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், வலிப்பு, திடீர்ப் பார்வை மங்கல், சட்டென்று வெளிறுதல், ஆண்களுக்கு விறைப்பு 2 மணி நேரத்துக்கு மேல் அடங்காதிருத்தல். கடைசியாகச் சொன்னதை வெட்கத்தால் பையன்கள் மறைக்கிறார்கள். 4 மணி நேரம் தாண்டினால் நிரந்தரப் பாதிப்பு வரலாம் என்பதை 10, 12 வயதிலேயே அப்பாவோ மாமாவோ சொல்லிவைக்க வேண்டும்.

வீட்டில் வலியோடு படுத்திருப்பவருக்கு இன்னொரு வேலை உண்டு. முதுகிலும் விலாவிலும் வலித்தால் ஆழமாக மூச்சிழுக்கத் தோன்றாது. நுரையீரலின் அடிப்பகுதி மூடிக்கொள்ளும். அங்கிருந்து நிமோனியா போன்ற கடும் நெஞ்சுத் தாக்கம் கிளம்பும். மருந்துக்கடையில் கிடைக்கும் மூன்று பந்து ஸ்பைரோமீட்டர் என்ற மூச்சுப் பயிற்சிக் கருவியை விழித்திருக்கும் நேரத்தில் 2 மணிக்கு ஒருமுறை, 10 முறை மெதுவாக உறிஞ்ச வேண்டும். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். 1995இல் வெளியான ஒரு சிறு ஆய்விலேயே இதன் பலன் தெளிவாகத் தெரிந்தது.

தாக்குதல்களின் எண்ணிக்கையையே குறைக்கும் மருந்து ஹைட்ராக்சியூரியா. 299 பெரியவர்களிடம் நடந்து 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வருடத்துக்கு வரும் தாக்குதல்களின் நடு மதிப்பு வெற்று மாத்திரை எடுத்தவர்களிடம் 4.5 ஆகவும் மருந்து எடுத்தவர்களிடம் 2.5 ஆகவும் இருந்தது. குழந்தைப் பருவ ஹீமோகுளோபினை இது மறுபடி சுரக்க வைக்கிறது. பலன் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். இங்கேதான் மருந்து தோற்கிறது: இரண்டு மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று சிலர் விடுகிறார்கள், வலி வரும் நாளில் மட்டும் சிலர் போடுகிறார்கள். இது வலி மாத்திரை அல்ல. தொடக்க அளவு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி.; கேப்ஸ்யூல் பெரும்பாலும் 500 மி.கி. என்பதால் எடைக்குச் சரியாகப் பொருந்தாது. 40 கிலோவுக்கு வாரம் 8 கேப்ஸ்யூல் என்றால் 'ஞாயிறு மட்டும் 2, மற்ற நாள் 1' என்று கிழமை போட்டு எழுதி வாங்குங்கள். 'ஒருநாள் விட்டு ஒருநாள்' கணக்கு ஒரு மாதம்கூடத் தாங்காது. ஒரு வேளை தவறினால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது. முதலில் 4 வாரத்துக்கு ஒருமுறையும் அளவு நிலைத்தபின் 2, 3 மாதத்துக்கு ஒருமுறையும் முழு ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும்; வெள்ளணு, தட்டணு மிகக் குறைந்தால் டாக்டர் சில நாள் நிறுத்திவைப்பார். அந்த அறிக்கையில் எம்சிவி என்ற எண் (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) மாதாமாதம் ஏறினால் மருந்து உடலுக்குள் போகிறது என்று அர்த்தம். நகம் கறுக்கலாம், பயம் வேண்டாம். குழந்தைக்குத் திட்டமிடும் ஆணும் பெண்ணும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் இது வழக்கமாக நிறுத்தப்படும்.

ஃபோலிக் அமிலம் தினம் 5 மி.கி. போதும். ரத்தசோகை என்றதும் இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பது நம் வழக்கம். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தருகிறார்கள். சிக்கிள் செல்லில் சோகைக்குக் காரணம் அணு உடைவது, இரும்புக் குறைவு அல்ல. பலமுறை ரத்தம் ஏற்றியவருக்கு இரும்பு ஏற்கெனவே ஈரலில் படிந்திருக்கும். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பார்த்து, குறைவு என்று உறுதியானால் மட்டும் இரும்பு மாத்திரை.

ஆஸ்பத்திரி வாசலில் என்ன நடக்கிறது என்பதும் சுய பராமரிப்பில் சேர்ந்ததே. இதை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டவர் அமெரிக்க நர்சிங் ஆராய்ச்சியாளர் கொரெட்டா ஜெனரெட். வறுமை, வயது, நோயின் கடுமை போன்றவை ஒருவரைப் பலவீனப்படுத்தினாலும், தன்னைக் கவனித்துக்கொள்ளும் திறன், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, சுற்றத்தின் துணை, கூச்சமின்றி எடுத்துச் சொல்லும் துணிவு போன்றவை இடையில் நின்று விளைவை மாற்றக்கூடும் என்பது 2008இல் அவர் கரோலின் மர்டாவுடன் சோதித்த கோட்பாடு. இதில் அந்தத் துணிவை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். வலியை ஸ்கேன் காட்டாது. ரத்தப் பரிசோதனையும் காட்டாது. நோயாளி அமைதியாக போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் நடிக்கிறார் என்று நினைப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க வலியோடு பழகியவர் கத்துவதில்லை, அவ்வளவுதான். 2011இல் ஜெனரெட் ஒரு சக ஆய்வாளருடன் சேர்ந்து முன்வைத்த யோசனை இது: நர்ஸும் டாக்டரும் தங்களுக்குள் தகவல் மாற்றிக்கொள்ளும் நான்கு பகுதி முறையை நோயாளிக்கே கற்றுக்கொடுப்பது. இப்போது என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, எனக்கு என்ன வேண்டும்.

தமிழில் அது இப்படி இருக்கும். 'விடிகாலை 4 மணியிலிருந்து இடுப்பிலும் இரண்டு தொடையிலும் வலி, 10க்கு 8. எனக்கு சிக்கிள் செல் நோய், எஸ்எஸ் வகை, ஹைட்ராக்சியூரியா சாப்பிடுகிறேன், வழக்கமான ஹீமோகுளோபின் 8, 5 மணிக்கும் 6 மணிக்கும் இன்ன மாத்திரை இவ்வளவு போட்டேன், இன்ன மருந்து ஒத்துக்கொள்ளாது. இது எனக்கு வழக்கமாக வரும் வலி மாதிரிதான், காய்ச்சலும் நெஞ்சுவலியும் இல்லை. போன முறை இந்த ஊசி, இந்த அளவில் கேட்டது. அதைத் தர முடியுமா, ஆக்சிஜன் அளவும் பாருங்கள்.' அரை நிமிடம்தான் ஆகும். மூன்றாம் பகுதியை யாரும் சொல்வதில்லை. டாக்டருக்கு மிக அவசியமானது அதுதான். 'இது வழக்கமான வலி இல்லை' என்று நோயாளி சொன்னால் எக்ஸ்ரேயும் ரத்தமும் உடனே பார்க்கப்படும். இதை அட்டையில் எழுதிப் பாலித்தீன் உறையில் போட்டு, பழைய டிஸ்சார்ஜ் தாளோடு வையுங்கள். பேச முடியாத நிலையில் கூட வருபவர் படித்துக் காட்டலாம். வந்து ஒரு மணி நேரத்துக்குள் வலிமருந்து, பிறகு 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி மதிப்பீடு என்பது அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2020இல் வகுத்த நெறிமுறை. மரியாதையாக அதை நினைவூட்டுவதில் தப்பில்லை.

வழக்கமான ஹீமோகுளோபினை அட்டையில் எழுதச் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. 8 என்ற எண்ணைப் பார்த்துப் புதிய டாக்டர் பதறி ரத்தம் ஏற்றிவிடலாம். வழக்கமே 8 என்றால், சாதாரண வலித் தாக்குதலுக்கு அது தேவையில்லை. ஏற்றி 10க்கு மேல் போனால் ரத்தம் கெட்டிப்பட்டு நிலைமை மோசமாகலாம். 8இலிருந்து 6க்கு இறங்கியிருந்தால்தான் கதை வேறு. அதேபோல பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுவதும் நல்லதல்ல. அதிக நீர் நுரையீரலில் தேங்கும். வாயால் குடிக்க முடிந்தவர் குடிப்பதே மேல்.

இந்த அட்டையை நிரப்ப ஒரு நோட்டு வேண்டும். ஸ்மித்தின் நோயாளிகள் எழுதியதுபோல நாளுக்கு ஒரு வரி: தேதி, வலி எண், இடம், போட்ட மருந்தும் நேரமும், எத்தனை பாட்டில் தண்ணீர், மாதவிலக்கு, மழை, பயணம், பரீட்சை. வலியில்லாத நாளிலும் 0 என்று எழுதுங்கள். வலி நாளை மட்டும் எழுதினால் எது தூண்டியது என்று ஒப்பிட ஒன்றும் இருக்காது. மூன்று மாதத்தில் ஏதாவது ஓர் ஒழுங்கு தெரியவரும். சிலருக்கு மாதவிலக்குக்கு முந்தைய இரண்டு நாள், சிலருக்கு நனைந்த மறுநாள். ஒரே இடுப்பில் தினமும் வலி, நடந்தால் கூடுகிறது என்று நோட்டு காட்டினால் அது தாக்குதலாக இருக்க வாய்ப்புக் குறைவு. தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது சிதைந்துகொண்டிருக்கலாம், எம்ஆர்ஐ தேவை.

வலி இல்லாமலே கெடுபவற்றுக்கு வீட்டில் பார்க்க வழியில்லை, தேதி போட்டுப் போய்த்தான் வர வேண்டும். 2 முதல் 16 வயதுவரை வருடம் ஒருமுறை மூளை ரத்தக்குழாய்க்கு டாப்ளர் ஸ்கேன். அதில் ரத்தம் ஓடும் வேகம் வினாடிக்கு 200 செ.மீ.யைத் தொட்டால் தொடர்ந்து ரத்தம் ஏற்றிப் பக்கவாதத்தைத் தடுக்கலாம், 1998 ஆய்வில் ஆபத்து 92 சதவீதம் குறைந்தது. 10 வயதிலிருந்து விழித்திரை, சிறுநீரில் புரதம். தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலை 1இல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கியது. தமிழ்நாடும் அதில் உண்டு. பரிசோதனை அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இந்த நோயும் இருக்கிறது; பல குடும்பங்கள் அந்தச் சட்டத்தின் பலன்களுக்கு விண்ணப்பிப்பதே இல்லை.

பொறுப்பு அம்மாவின் கையிலிருந்து பிள்ளையின் கைக்கு மாறுவது ஒரே நாளில் நடக்காது. 8 வயதில் வலிக்கு எண் சொல்லவும், 12 வயதில் தன் மருந்தின் பெயரும் அளவும் சொல்லவும், 15 வயதில் டாக்டரிடம் முதலில் தானே பேசவும் பழக்குங்கள். 18 வயதில் குழந்தைகள் பிரிவு கைவிட்டுப் பெரியவர் பிரிவுக்குப் போகும் சமயத்தில்தான் பலருடைய ஹைட்ராக்சியூரியா நின்றுபோகிறது. பழைய டாக்டரின் கடைசித் தேதிக்கு முன்பே புதிய டாக்டரின் முதல் தேதியை வாங்கி, நோட்டையும் அட்டையையும் பையன் கையில் கொடுத்து அனுப்புங்கள்; இடையில் ஒரு மாத மருந்து கூடுதலாக வீட்டில் இருக்கட்டும்.